கடைசி ஆளின் பை

"இன்னிக்கு மலை ஏறிட்டு, நாளைக்குக் காலையில பஸ் பிடிச்சு நான் ஊருக்குப் போயிடறேனுங்க டீச்சர்" என்றார் வையாபுரி.

கொல்லிமலை அடிவாரம். மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மூன்று பேர் போகும் சைக்கிள் பயணத்தின் நான்காம் நாள்.

வையாபுரிக்கு ஐம்பத்து மூன்று வயது. டீச்சருக்கு முப்பத்தாறு. பெயர் தில்லைநாயகி, பள்ளியில் விளையாட்டு டீச்சர். மலையேற மிதிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் வையாபுரிக்கு அவர்தான் குரு. வயசையா பார்க்க முடியும்?

"ஏன் சார்?"

"நீங்களும் பரிதியும் போய்ச் சேர்ந்து, டீ குடிச்சு, டம்ளர் காஞ்ச அப்புறம்தான் நான் வர்றேன். மூணு நாளா எல்லாருக்கும் பாரமா இருக்கேன். இதுல இந்தப் பை வேற!"

பையில் பம்பு, மாற்று டியூப், பஞ்சர் ஒட்டுகிற சாமான். நல்ல கனம். கடைசியாக வருகிறவர் கேரியரில்தான் அதைக் கட்ட வேண்டும் என்பது டீச்சர் வைத்த வழக்கம். இதுவரை ஒரு பஞ்சரும் ஆகவில்லை.

"இளிச்சவாயன் தலையில மிளகாய் அரைக்கற கதையா இல்ல இருக்கு!"

டீச்சர் அவர் சைக்கிள் பக்கம் போனார். பையை அவிழ்த்து, பரிதியின் கேரியரில் கட்டினார்.

பரிதி வாலிபன். "எனக்கு இதெல்லாம் ஒரு வெயிட்டாங்க டீச்சர்?" என்று சிரித்துவிட்டுப் பறந்தான்.

டீச்சரும் போய்விட்டார்.

பத்தாவது வளைவு வரைக்கும் வையாபுரிக்கு லேசாக இருந்தது. அப்புறம் மலை பழையபடி மலையாகிவிட்டது.

ஐம்பத்தோராவது வளைவில், கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்து டீச்சர் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். அவர் சைக்கிளின் பின் டயர் தரையோடு தரையாக இருந்தது.

"காத்து போயிடுச்சு சார்."

"அட, பம்புதான்..." வையாபுரியின் கை பின்னால் போனது. வெறும் கேரியர்.

"பரிதிக்குப் போன் போடலாங்களா?"

"டவர் இல்ல."

"நம்மளைக் காணோம்னு திரும்பி வரமாட்டானுங்களா?"

"நீங்க மெதுவா வருவீங்க, கூட நானும் வர்றேன்னு நினைச்சுக்குவான். நீங்க மிதிங்க சார். நான் தள்ளிக்கிட்டு வர்றேன்."

"உங்களை விட்டுட்டா? நல்லா இருக்குதுங்க!"

இறங்கி அவரும் தள்ளினார்.

இன்னும் பத்தொன்பது வளைவு. பனி இறங்கியது. டீச்சரின் இரண்டாவது கொய்யாவை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. "எடுத்துக்கோ, நீயும் மலை ஏறறவன்தானே!" என்றார் டீச்சர். வையாபுரி வாய்விட்டுச் சிரித்தார். நான்கு நாளில் இதுதான் முதல் சிரிப்பு.

அறுபதாவது வளைவில் வையாபுரி நின்றார்.

"பை எங்கிட்ட இருந்திருந்தா பத்து நிமிஷ வேலைங்க டீச்சர்."

"ம்."

"கடைசி ஆளுகிட்ட இருந்தா, முன்னாடி எவன் எங்க நின்னாலும் பை வந்து சேர்ந்துடும். முன்னாடி போனா போனதுதான்!"

"மூச்சு வாங்குது. பேசாம நடங்க சார்."

மேலே டீக்கடையில் பரிதி தவித்துக்கொண்டிருந்தான். டீச்சரின் சைக்கிளைப் பார்த்ததும் டியூபைக் கழற்றிக் காற்றடித்தான். கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி முக்கினான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"டீச்சர், ஓட்டையே இல்லீங்களே! யாரோ காத்தைப் பிடுங்கி விட்ட மாதிரியில்ல இருக்கு?"

"அப்படியா?" என்றார் டீச்சர். "அண்ணா, எனக்குச் சர்க்கரை கம்மியா ஒரு டீ."

ஷூவைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

வையாபுரி அதைப் பார்த்தார். ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

காலையில் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டார்.

"நாமக்கல், நாமக்கல்! சைக்கிள்காரரே, ஏறுங்க. வண்டியை மேல போட்டுக்கலாம்."

வையாபுரி நிமிரவில்லை. பையைக் கேரியரில் வைத்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்கண்ணா" என்றார். "நான் கடைசியா வர்ற ஆளு."