இடது சக்கரத்தின் மஞ்சள் கோடு

கோத்தகிரியில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது. பெயர் பிலோமினா, வயது முப்பத்து மூன்று. ஆசிரமத்துக்குத் தகரக் கூரை. வாசலில் 'பிரேக் வேலை மட்டும்' என்று ஒரு பலகை.

சீடர் போஜனுக்கு வயது நாற்பத்தாறு. இதற்கு முன் மூன்று பட்டறைகள் அவரை 'நாளையிலேர்ந்து வர வேண்டாம்' என்று ஆசீர்வதித்து அனுப்பியிருந்தன. அவர் குருவை மேஸ்திரி என்பார். குரு சீடரை அண்ணே என்பார்.

ஒரு நாள் மதியம் திருப்பூரிலிருந்து தீர்த்தகிரி என்பவர் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். இரண்டே சீட். முன்சக்கரங்களுக்குத் துளை போட்ட பிரேக் டிஸ்க் மாட்ட வேண்டுமாம். இரண்டு ஜோடி கொண்டுவந்திருந்தார்.

"எது அண்ணே?" என்றார் குரு.

ஒரு ஜோடியில் துளைகள் சல்லடை மாதிரி நெருங்கியிருந்தன. போஜன் அதைத் தொட்டார். "இதுதான் மேஸ்திரி. பார்க்கவே ஜம்முனு இருக்கு."

"துளையோட விளிம்புல நகத்தை ஓட்டுங்க."

ஓட்டினார். நகம் மாட்டி நுனி பிய்ந்தது.

"இன்னொண்ணுல?"

அதில் துளைகள் குறைவு. விளிம்பைச் சரித்து இழைத்திருந்தார்கள். நகம் வழுக்கிப் போனது.

"சூடு ஏறி ஏறி இறங்குறப்போ, நகம் மாட்டுற இடத்துலதான் விரிசல் விடும்."

சல்லடை ஜோடி பெட்டிக்குள் திரும்பிப் போனது.

மாட்டும் முறை அந்தப் பட்டறையில் ஒன்றுதான். டிஸ்கைக் கவ்வும் காலிப்பரை இரண்டு போல்ட் தாங்குகிறது. சரியான இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும்; அதுவரை முறுக்க வேண்டும். சொன்ன பிறகு, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. பின்னால் எப்போதாவது போல்ட் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நேராக இருந்தால் உயிர் பத்திரம்.

வலது சக்கரத்தை போஜன் அப்படியே முடித்தார். இடது பக்கம் இரண்டு போல்ட்டையும் கையால் திருகி வைத்திருந்தபோது தீர்த்தகிரி செல்போனோடு குனிந்தார்.

"அந்த மஞ்சக் கோடு அம்சமா இருக்குதுங்க. இதுலயும் போடுங்க, வீடியோ எடுத்துக்கறேன்."

போஜன் போட்டார். "வணக்கம் நண்பர்களே," என்று தீர்த்தகிரி டிஸ்கிடம் பேச ஆரம்பித்தார். நண்பர்களுக்கு எல்லாம் விளங்குவதற்குள் டீ வந்துவிட்டது. டீ குடித்துவிட்டு போஜன் குனிந்து பார்த்தார். கோடு நேராக இருந்தது. சக்கரத்தை மாட்டினார்.

பெடலை நாலைந்து முறை மிதித்து, இறுக்கம் வந்ததும் வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கினார்கள்.

வாசலைத் தாண்டினால் மேட்டுப்பாளையம் இறக்கம். முதல் இறக்கத்தில் பட்டறை ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போவது வழக்கம். அன்றைக்கு குருவே ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"கோடு பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன் மேஸ்திரி. நாலும் நேரா இருக்கு."

சொன்ன வாய் மூடவில்லை.

இடது பக்கம் கோடு போட்டது டீக்கு முன்னால். அதற்குப் பிறகு முறுக்கியிருந்தால் கோடு உடைந்திருக்க வேண்டும். அது நேராக இருந்தது.

கோத்தகிரிக் குளிரில் போஜனின் சட்டை முதுகோடு ஒட்டியது. காதுக்குள் அந்த 'டக்'கைத் தேடினார். 'வணக்கம் நண்பர்களே'தான் கேட்டது.

கார் உறுமியது. முதல் வளைவில் பிரேக் பிடிக்கும். இரண்டாவதிலும் பிடிக்கும். கையால் திருகிய போல்ட் குலுங்கிக் குலுங்கிக் கழன்றுகொண்டே போகும். ஏதோ ஒரு வளைவில் காலிப்பர் சக்கரத்துக்குள் சாயும். அங்கே தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பனிமூட்டம் மட்டும்தான் இருக்கும்.

'சொல்லிடு' என்றது உள்ளே ஒரு குரல். 'சொன்னா இது நாலாவது பட்டறை' என்றது இன்னொன்று. அது பழைய முதலாளி மாதிரியே மூக்கால் பேசியது.

வண்டி நகர்ந்தது. முன்சக்கரம் வாசல் சாக்கடைப் பலகையில் ஏறியபோது போஜன் குறுக்கே போய் நின்றார். பானட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"இறங்குங்க மேஸ்திரி."

"என்ன அண்ணே?"

"இடது பக்கம் கோடு நேரா இருக்கு."

தீர்த்தகிரி ஜன்னலில் தலையை நீட்டினார். "நேரா இருந்தா நல்லதுதானுங்களே?"

"கோட்டை முதல்ல போட்டுட்டேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. குருவுக்குப் புரிந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

சக்கரத்தைக் கழற்றினார்கள். போஜன் ரெஞ்சைப் பொருத்தி அழுத்தினார். போல்ட் சத்தமே இல்லாமல் திரும்பியது. கோடு இரண்டாக உடைந்தது. கால் சுற்று போன பிறகுதான் 'டக்'. அடுத்த போல்ட்டும் அப்படியே.

தீர்த்தகிரி போல்ட்டைப் பார்த்தார். இறக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். செல்போனை வெளியே எடுக்கவில்லை.

"தெரிஞ்சா ஏறினீங்க மேஸ்திரி?" என்று கேட்டார் போஜன்.

"தெரிஞ்சா எவ ஏறுவா?"

பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டார் போஜன். சக்கரத்தை மாட்டினார். பிறகு ரெஞ்சைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். மூன்று தடவை செய்து பழகிய வேலை.

தீர்த்தகிரிக்கு மூச்சு திரும்பியிருந்தது. "ஏனுங்க மேடம், வலது பக்கத்தையும் ஒருக்கா கழட்டிப் பாத்தரலாங்க. இவரு வேண்டாம். நீங்களே பாருங்க."

"பார்க்கணும்தான்," என்றார் குரு. மேஜைமேல் இருந்த ரெஞ்சை எடுத்தார். போஜனிடம் நீட்டினார்.

தீர்த்தகிரி டயரிலிருந்து எழுந்தே விட்டார். "மறுபடியும் இவருகிட்டயேவாங்க?"

"இந்த மலையில இப்போ இவர் அளவுக்குப் பயந்துபோன ஆள் வேற யாரும் இல்லைங்க," என்றார் குரு.