சிங்கி றால் மீசையில் டொக் டொக்

ஒரு கடல்ல, ஒரு பாறைப் பொந்துக்குள்ள, ஒரு சிங்கி றால் இருந்துச்சாம். ஏட்டி பிரிசி, காலை எடு என் மேலருந்து. நாள் பூரா நண்டு கம்பெனில நின்னு சதை பிரிச்சு மாமிக்கு இடுப்பு விட்டுப்போச்சு. ம் சொல்லுவியா? சொல்லலைன்னா கதை கிடையாது, ஆமா.

"ம்."

அந்த றாலுக்கு வயித்துக்கடியில கொத்துக் கொத்தா முட்டை. மூணு நாளா கடல் கலங்கிப்போய் இரையே இல்ல. பசி கொல்லுது. தாய் செத்தா முட்டையும் போச்சுல்ல? அதனால இரை தேடிக் கிளம்பிட்டு.

கலங்கல்ல கண்ணுக்கு என்ன தெரியும்? மூக்குதான். றாலுக்கு மூக்கு எங்க? சின்ன மீசையில. நீளமா இருக்கே அது இல்ல, நடுவுல குட்டியா இருக்கும்ல, அது. அந்த மீசைக்குள்ள பொடிப்பொடி ஆளுங்க குடியிருக்காங்க. ஒவ்வொரு வாசத்துக்கும் தனித்தனி ஆளுங்க. தண்ணில அவங்க வாசம் வந்தா தலைக்குச் சேதி தட்டுவாங்க. டொக்.

"வாசம் நெறைய வந்தா சத்தமாத் தட்டுவாங்களா மாமி?"

அதான் இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சது ஒரே டொக்தான். பெரிய டொக், சின்ன டொக்லாம் கிடையாது. லேசா வாசம்னா டொக்... டொக்... கூடினா டொக்டொக்டொக்டொக். அதுலயும் சில ஆளு லேசுக்கே எந்திரிச்சிரும். சிலது உன்னைய மாதிரி, மூணு தடவ கத்தணும். வாசம் ரொம்பத் தூக்கலா வந்தாத்தான் தட்டும்.

அப்புறம் றாலு மீசைய நீட்டுச்சு. டொக். மட்டி வாசம்! அலைல ஓடு ஒடஞ்ச மட்டிச் சிப்பி எங்கயோ கெடக்கு. இடது பக்கம் நாலடி போச்சு. ஒரு டொக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவுல நேரமாயிட்டு. ஐய, இது வழி இல்லன்னு வலது பக்கம் திரும்புச்சு. டொக், டொக், டொக்டொக்.

"ம்."

அப்போ வாசம் நல்லா வர்ற எடத்துல அசையாம நின்னுச்சு. டொக்டொக்டொக்... டொக்... அப்புறம் ஒண்ணையும் காணோம். றாலுக்கு வந்துச்சே கோவம்! "ஏய், மட்டி போயிட்டா?"ன்னு கேட்டுச்சு. "போகல"ன்னாங்க மீசைக்காரங்க. "பின்ன ஏன் தட்டல?" "அதே வாசம் அப்படியே நின்னா எங்களுக்குப் பழகிரும். புதுத் தண்ணி காட்டு."

றாலு மீசைய சடக்னு உதறுச்சு. பழைய தண்ணி போயி புதுத் தண்ணி வந்துச்சு. டொக்டொக்டொக்!

"மாமி, நம்ம வீட்லயும் கருவாட்டு வாசம் நமக்குத் தெரியாது. என் கூடப் படிக்கிற ஜெனோவா வந்தா மூக்கப் பொத்துறா."

ஆமா, அவ பெரிய இவ. நீ கதையக் கேளு.

அப்புறம் மட்டி கண்ணுக்கே தெரிஞ்சிட்டு. ஓடு பொளந்து, வெள்ளை வெளேர்னு சதை. ஆனா பக்கத்துப் பாறையில ஒரு பேய்க்கணவாய் இருந்துச்சு, எட்டுக் காலோட. அது கெட்டிக்காரி. பாஞ்சு வரல. இம்மி இம்மியா நகந்து வருது. வாசமும் இம்மி இம்மியாத்தான் கூடுது. கணவாய் வாசத்துக்குன்னு இருக்கிற ஆளுங்களுக்குப் பழகிப் பழகிப் போயி ஒருத்தரும் தட்டல. றாலு மட்டிக்குக் காலை நீட்டுச்சு.

"மாமி!"

இரு, கத்தாத. நீட்டுனதும், எதுக்கும் இருக்கட்டும்னு மீசைய இன்னொரு உதறு உதறுச்சு. சடக்! டொக்டொக்டொக்டொக்டொக்! தட்டுறது மட்டி ஆளுங்க இல்ல, கணவாய் ஆளுங்க. தூங்குமூஞ்சிங்க கூட எந்திரிச்சுத் தட்டுது. அப்படின்னா அது எங்க இருக்கு?

"பக்கத்துல!"

மட்டிக்கு அந்தப் பக்கமே, மீசைக்கு எட்டுற தூரத்துல. றாலுக்கு மட்டிய விட மனசே இல்ல. ஆனா வயித்துக்கடியில முட்டை இருக்கே. வாலை அடிச்சுச்சு பாரு, சளக், சளக், சளக்! பின்பக்கமாவே பறந்து பொந்துக்குள்ள போயிட்டு.

"அப்போ மட்டி?"

கணவாய் தின்னுட்டு.

"றாலுக்குப் பசிக்குமே மாமி."

பசிச்சுச்சுதான். பாவம், அன்னைக்கும் பட்டினி. படுத்துக்கிட்டு, வாலை மடக்கி, முட்டைய ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்துச்சு. ஒண்ணு கூடக் கொறையல.

அம்புட்டுதான் கதை. கண்ண மூடு பிள்ள.