இருபத்தோரு ஆள் பரப்பளவு

கூழாம்பட்டிக்காரர்கள் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடமாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். அவர்கள் பட்ட கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர் மாசிலாமணிக்குப் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா குழந்தைசாமி ஊரைச் சுற்றிப் பார்த்தார். நடுத்தெருவில் உருளையாக நின்ற இரும்புத் தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார். துரு உதிர்ந்தது.

"வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள பச்சைப் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சிருந்தா தட்டு மாத்திக்கலாம். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்த்தலைவர் பொன்னுரங்கம் அவனை டவுன் பெயிண்ட் கடைக்குக் கூட்டிப் போனார்.

"சுற்றளவை உயரத்தால பெருக்குங்க. மேல் வட்டத்தையும் அடி வட்டத்தையும் கூட்டிக்குங்க. அதுதான் பரப்பளவு. அதைச் சொன்னா பெயிண்ட் தர்றேன்" என்றார் கடைக்காரர். எதைக் கொண்டு அளப்பது என்று அவர் சொல்லவில்லை.

ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஐந்து பேர் கைகோத்துத் தொட்டியைக் கட்டிப்பிடித்தார்கள். சுற்றளவு ஐந்து ஆள்.

"போதும், விடுங்க. அடுத்தது உயரம்" என்றான் மாசிலாமணி.

"விடக் கூடாதுப்பா" என்றார் ஐவரில் ஒருவரான இருளப்பன், கன்னம் தொட்டியில் ஒட்டியிருக்க. "கையை விட்டா சுற்றளவு போயிடும். அப்புறம் எதைப் பெருக்குவே?"

எல்லாரும் யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. ஐவரும் அப்படியே நிற்க, வேறு மூன்று பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறினார்கள். உயரம் மூன்று ஆள். ஐம்மூன்று பதினைந்து என்று பெருக்கி முடிக்கும்வரை கட்டிப்பிடித்தவர்களுக்குக் கஞ்சி ஊட்டப்பட்டது.

மேல் வட்டத்தில் மூன்று பேர் மல்லாந்து படுத்தார்கள்.

"அடி வட்டத்துக்கு என்ன பண்றது? தொட்டிக்கு அடியில படுக்க முடியாதே, அண்ணே" என்றான் மாசிலாமணி.

"இதுக்கெல்லாமா முழிக்கறது?" என்றார் பொன்னுரங்கம். "அந்த மூணு பேரையும் அப்படியே குப்புறப் படுக்கச் சொல்லு."

புரண்டு படுத்தார்கள். ஆக, இருபத்தோரு ஆள்.

கணக்கைக் கடையில் போய்ச் சொன்னார்கள். "ஒரு ஆளுக்கு எவ்வளவு பெயிண்ட் ஆகும்னு நான் அடிச்சுப் பார்த்ததில்லீங்க" என்றார் கடைக்காரர்.

அதுவும் நியாயம்தான். ஒரு லிட்டர் டின்னை வாங்கி வந்தார்கள்.

"யார் மேல அடிக்கறது?" என்று கேட்டான் மாசிலாமணி.

"கல்யாணம் யாருக்கு?" என்றார் இருளப்பன்.

மாசிலாமணி கோவணத்தோடு நின்றான். உச்சந்தலையில் தொடங்கிய பெயிண்ட் கால் கட்டைவிரலில் சரியாகத் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு லிட்டர். கோட்டுக்கு இருபத்தோரு லிட்டர் வீதம் நாற்பத்திரண்டு லிட்டர் வாங்கித் தொட்டிக்கு இரண்டு கோட்டு அடித்தார்கள். அடி வட்டத்துக்கான ஆறு லிட்டர் மட்டும் மிஞ்சியது.

மாசிலாமணியை மூன்று நாள் தேய்த்துப் பார்த்தார்கள். போகவில்லை. நல்ல பெயிண்ட்.

வெள்ளிக்கிழமை குழந்தைசாமி வந்தார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, பட்டுச் சட்டைக்குள் பச்சையாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் வந்தார். கன்னத்தையும் சுரண்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.



"இங்க ஒரு கோட்டுதானே அடிச்சிருக்கீங்க" என்றார் குழந்தைசாமி. "நாம பேசினது ரெண்டு."

மாசிலாமணி மறுபேச்சில்லாமல் சட்டையைக் கழற்றினான். பொன்னுரங்கம் மிச்ச டின்னைத் திறந்தார்.