டிக் என்றது வண்டி

ஓலைக்கண்மாய் ஊர்க்காரர்களை யாராவது முட்டாள்கள் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். சொன்னவன்தான் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஊரின் புயல்வேகக் கபடிக் குழு முதல் முறையாக இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. ஜெயித்தால் ஒரு கொழுத்த கிடா பரிசு. நாலு மணிக்குக் கோட்டுக்குள் நிற்காத அணி தோற்றதாக அறிவிக்கப்படும் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். கேப்டன் சடையாண்டி வீட்டில் காலையிலேயே மசாலா அரைத்தாகிவிட்டது. கிடா இல்லாமல் திரும்பினால் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பிக்கப் வண்டியில் ஏறினார்கள். டிரைவர் மொக்கையன் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினார். மறுபடியும் ‘டிக்’தான்.

போட்டி நடக்கும் பொட்டல் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம். அங்கே மைக்கில் இருமினால் இங்கே கேட்கும்.

“பேசாம நடந்தே போயிருவமா?” என்றார் மொக்கையன்.

“வண்டியில வந்து இறங்குனாத்தான்யா பிளேயரு. நடந்து போனா வேடிக்கை பாக்க வந்தவன்னு கயித்துக்கு வெளிய நிறுத்திருவான்” என்றார் பன்னீர். ஊரிலேயே பத்தாம் வகுப்பை அதிக வருஷம் படித்தவர் அவர். அதனால் அவர் சொன்னதே முடிவானது.

சடையாண்டி டவுனிலிருக்கும் மெக்கானிக் சவரிமுத்துவுக்குப் போன் போட்டார்.

“ஹெட்லைட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்புப்பா. வெளிச்சம் மங்குதான்னு பாத்துச் சொல்லு” என்றார் சவரிமுத்து.

உச்சி வெயிலில் வெளிச்சம் எங்கே தெரியும்? வண்டி மூக்கின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். கேப்டன் முதல் டிரைவர் வரை அத்தனை பேரும் உள்ளே புகுந்து விளக்கையே உற்றுப் பார்த்தார்கள். வியர்த்து ஊற்றியது. விளக்கு மங்கவில்லை.

“சாவிய யாருய்யா திருப்புறது?” என்றார் பன்னீர்.

அந்தக் கேள்விக்காகவே அவரை எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு மொக்கையன் போய்த் திருப்ப, விளக்கு நன்றாகவே மங்கியது.

“அப்ப பேட்டரியப் பாருங்க” என்றார் சவரிமுத்து.

பார்த்தார்கள். “பாத்தாச்சுண்ணே. நல்லாத்தான் இருக்கு. பேரெல்லாம் எழுதியிருக்கு.”

“ஒயர் மாட்டுற எடத்துல வெள்ளையாப் பூத்திருக்கா? ஒயரக் கழட்டி, வெந்நி ஊத்திக் கழுவு.”

வெந்நீர் வந்தது. சடையாண்டி புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துவட்டி, கொஞ்சம் பவுடரும் போட்டார்கள். குளித்த உடம்பு இறுக்கினால் வலிக்குமே என்று ஒயரைச் சும்மா தொட்ட மாதிரி மாட்டினார்கள். வண்டி ‘டிக்’ என்றது.

“சரி, அடியில ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கும். ஸ்பானரால ரெண்டு தட்டுத் தட்டு” என்றார் சவரிமுத்து.

பன்னீர் அடியில் படுத்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போல மரியாதையாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். மேலே மொக்கையன் சாவியைத் திருப்பினார்.

டிக்.

பன்னீர் வெளிறிப்போய் வெளியே வந்தார். “உள்ள ஆளு இருக்கு. பதில் தட்டு தட்டுறான்.”

சவரிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. “செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளித் தொலைங்கய்யா!” என்று போனை வைத்தார்.

தள்ளுவதென்றால் இவர்களுக்கு வெறும் தள்ளுதல் வராது. கபடிக் குழுவாயிற்றே. மூச்சைப் பிடித்து “கபடி கபடி” என்று பாடிக்கொண்டே தள்ளினார்கள். மூச்சு விட்டவன் அவுட். அவுட் ஆனவன் ஆட்டத்தில் நிற்கக்கூடாது, வண்டியில் ஏறி உட்கார வேண்டும். ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில் அத்தனை பேரும் மேலே உட்கார்ந்து கைதட்ட, சடையாண்டி மட்டும் கண் பிதுங்கத் தள்ளிக்கொண்டிருந்தார். வண்டி அசையவே இல்லை. மனுஷனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது மைக் கேட்டது. “ஓலைக்கண்மாய் அணிக்குக் கடைசி அழைப்பு! வராவிட்டால் கீழவலசை அணி வென்றதாக அறிவிக்கப்படும்!”

“இந்தா வந்துட்டோம்!” என்று எல்லோரும் கத்தினார்கள். பதில் சொல்லியாகிவிட்டதே என்று நிம்மதியாகவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழவலசை வண்டி அந்த வழியாக வந்தது. பின்னால் கிடா நின்றுகொண்டிருந்தது. அந்த டிரைவர் நல்ல மனுஷன். இறங்கி வந்து பானெட்டைத் திறந்தார், பேட்டரி ஒயரைக் கையாலேயே ஒரு திருகு திருகினார். வண்டி உடனே உறுமியது.

“வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஆஃப் பண்ணிராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புயல்வேகக் குழு புயலாகப் பொட்டலில் போய் இறங்கியது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரும் கோட்டுக்குள் வரிசையாக நின்றார்கள்.

“கீழவலசைக்காரங்க எங்க?” என்று சடையாண்டி மைக் செட்காரரைக் கேட்டார்.

“அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்களே.”

“அப்ப இப்ப கோட்டுக்குள்ள இல்ல?”

“இல்ல.”

பன்னீர் குனிந்து கோட்டைப் பார்த்தார். “கோட்டுக்குள்ள நிக்காத டீமு தோத்த டீமுன்னு நீங்கதான மைக்குல சொன்னீங்க?”

“ஆமா, ஆனா...” என்று ஆரம்பித்தார் மைக் செட்காரர். அதற்குள் சடையாண்டியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கண்மாய்க் கரை வழியாக ஆட்டமும் பாட்டமுமாக நடந்தே ஊருக்குப் போனார்கள். வண்டி பொட்டலில் உறுமியபடி நின்றது. ஆஃப் பண்ணக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா?

ராத்திரி பூரா உறுமிய வண்டி, டீசலும் பேட்டரியும் தீர்ந்து அடங்கிக் கிடந்தது. மறுநாள் காலையில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு, சடையாண்டி சந்தோஷமாகச் சவரிமுத்துவுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, வண்டி பூரணமாக் குணமாயிருச்சு. எத்தனை தடவை சாவியத் திருப்புனாலும் இப்ப அந்த டிக் சத்தமே வரல. எல்லாரும் ஏறி உக்காந்துட்டோம். கீழவலசைக்குப் போயி எங்க கிடாவக் கேக்கணும். நடந்து போனா மதிக்க மாட்டாங்கல்ல?”