கழுதை ஒன்று, ரிஜிஸ்தர் இரண்டு

வெள்ளைக்காரத் துரைமார் குதிரைமேல் வந்து உத்தரவு போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். கொண்டைக்குறிச்சி போலீஸ் டாணாவில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாலு பேரும் தங்கமான மனுஷர்கள். பொய் பேச மாட்டார்கள். கை நீட்ட மாட்டார்கள். சொன்ன சொல்லை ஒரு எழுத்துக்கூட மீற மாட்டார்கள். இந்த மூன்றாவது குணத்தால்தான் ஊர் படாத பாடு பட்டது.

அவர்களில் பெரியவர் ஏட்டு நல்லபெருமாள் பிள்ளை. சட்டைக் கையில் தைத்திருந்த சிவப்புப் பட்டையை நாளைக்கு நாலு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கீழே ரைட்டர் ஈஸ்வரமூர்த்தி. மை தொட்டு எழுதுவதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அப்புறம் சவரிமுத்து, பிச்சைக்கனி என்று இரண்டு கான்ஸ்டபிள்கள்.

அந்த வருஷம் போலீஸ் துரையிடமிருந்து ஒரு கடிதாசி வந்தது. வெள்ளிக்கிழமை டாணாவைப் பார்வையிட வருவதாகவும், ரிஜிஸ்தரில் எழுதியிருப்பதும் நேரில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் ஏட்டின் பட்டையை அன்றைக்கே அறுத்துவிடப் போவதாகவும் அதில் இருந்தது. எழுதியதை அடிப்பதோ திருத்துவதோ கூடவே கூடாது என்று கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

ஏட்டு அன்றைக்குப் பட்டையை ஐந்தாவது தடவையாகத் தடவினார். பட்டை போனால் மறுபடி சாதாக் கான்ஸ்டபிள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாமியார் வீட்டுப் பக்கம் இந்த ஜென்மத்தில் தலைகாட்ட முடியாதே!

நல்லவேளையாக ரிஜிஸ்தர்கள் சுத்தமாக இருந்தன. கண்டெடுத்த சொத்துக்குச் சிவப்பு அட்டை, கைதிகளுக்குக் கறுப்பு அட்டை. இரண்டிலும் ஒன்றுமே எழுதவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு கழுதை டாணாவின் பின்வாசல் வழியாக நுழைந்து, கொல்லையில் நின்றுகொண்டது.

"கண்டெடுத்த சொத்து!" என்றார் ரைட்டர், பேனாவை எடுத்துக்கொண்டு.

"நாம எங்கவே கண்டெடுத்தோம்? அதுல்லா நம்மளக் கண்டெடுத்திருக்கு" என்றான் பிச்சைக்கனி.

இதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. கழுதையிடம் போலீசாரைப் பதிந்துகொள்ள ரிஜிஸ்தர் இல்லாததால், தாங்களே பதிந்துகொள்வது என்று ஒரு நாழிகை பேசி முடிவு செய்தார்கள். சிவப்பு அட்டையில் 'கழுதை ஒன்று, கொல்லை முளையில் கட்டப்பட்டுள்ளது' என்று ஏறியது.

மை காய்வதற்குள் சலவைக்கார மாடத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அய்யா, அது எங் கழுதை. கல்யாண வீட்டு அழுக்கு நாலு மூட்டை கெடக்கு. அவுத்து விடுங்கய்யா, ஆத்துக்குப் போகணும்."

"உங் கழுதைதாம்மா. எனக்குத் தெரியாதா? போன வாரம் எம் வேட்டிய அதுதான சுமந்துட்டு வந்துச்சு?" என்றார் ஏட்டு அன்பாக.

"அப்பக் குடுங்க."

"நோட்டீசு ஒட்டி, அது மூணு நாளு செவுத்துல இருக்கணும். அதுக்குப் பெறவுதான் சொந்தக்காரரு வரணும். நீ முந்தி வந்துட்ட. போயிட்டு வியாழக்கிழமைக்கு வா."

மாடத்தி தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஏட்டுக்கு அவள்மேல் இரக்கம்தான். ஆனால் விதிப்புத்தகத்தில் இரக்கத்துக்கென்று தனிப் பக்கம் இல்லை.

சொத்து எந்த இடத்தில் கிடைத்ததோ அந்த இடத்தில்தான் நோட்டீசு ஒட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே முளைக்கு நேர் எதிரே, கழுதையின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, நல்ல புழுங்கலரிசிக் கஞ்சியைக் கெட்டியாகத் தடவி ஒட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சுவர் சுத்தமாக இருந்தது.

"எவனோ நோட்டீச சேதப்படுத்திட்டான்!" என்று ஏட்டு குதித்தார். மூன்று நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இன்னொரு நோட்டீசு ஒட்டினார்கள். சவரிமுத்துவைக் காவலுக்குப் போட்டார்கள்.

"எலேய் சவரி, ஒரு மனுஷப்பய அதுகிட்ட வரப்படாது."

"வரமாட்டான் ஏட்டையா" என்று சவரிமுத்து கண்ணை இமைக்காமல் உட்கார்ந்தான்.

புதன்கிழமை காலையில் மறுபடியும் சுவர் சுத்தம்.

"யார்லே வந்தா?"

"ஒருத்தரும் வரல ஏட்டையா. தாயாணை. கழுதை மட்டும் கழுத்தக் கொஞ்சம் நீட்டுச்சு. அது மனுஷன் இல்லையேன்னு நான் பேசாம இருந்துட்டேன்."

"கழுத்த நீட்டி என்ன செஞ்சுது?"

"நோட்டீச தின்னுச்சு."



"தின்னதுதான? கிழிக்கலையே" என்றான் பிச்சைக்கனி, இளகிய மனசோடு.

ரைட்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அரசாங்க நோட்டீசைச் சேதப்படுத்துகிற எவரையும் கொட்டடியில் அடைத்துக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியது என்று இருந்தது. கழுதைக்கு விலக்கு உண்டா என்று கடைசிப் பக்கம்வரை தேடினார்கள். மைனர்களுக்கு இருந்தது, பைத்தியங்களுக்கு இருந்தது, கழுதைக்கு இல்லை.

எனவே கழுதையை அவிழ்த்து, அரசாங்கத்தின் பெயரால் கைது செய்து, கொட்டடிக்குள் தள்ளினார்கள். உள்ளே போக அது மறுத்தது. அதையும் தனிக் குற்றமாக எழுதிக்கொண்டார்கள். பிறகு விவரம் கேட்க மாடத்தியை வரவழைத்தார்கள்.

"கைதியோட பேரு?"

"ராசான்னு கூப்பிடுவேன்."

"தகப்பன் பேரு?"

"வே ரைட்டரய்யா, உமக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா?"

"தகப்பன் பேர் தெரியாது" என்று ரைட்டர் எழுதினார். "தொழிலு?"

"அழுக்குச் சுமக்கது. இப்ப அதுவும் இல்ல, ஒம்ம புண்ணியத்துல."

"குற்றத்த ஒத்துக்கிடுதாரா?"

அந்த நேரம் பார்த்துக் கொட்டடிக்குள்ளிருந்து கழுதை காது கிழியக் கத்தியது. 'உரக்க ஒப்புக்கொண்டார்' என்று கறுப்பு அட்டையில் ஏறிவிட்டது.

வியாழக்கிழமை ஏட்டு ரிஜிஸ்தர்களை ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்தார். கறுப்பு அட்டை: கைதி ஒன்று. கொட்டடியை எட்டிப் பார்த்தார். இருந்தது. சிவப்பு அட்டை: கொல்லை முளையில் கழுதை ஒன்று. கொல்லைக்குப் போனார். முளை இருந்தது, கயிறு இருந்தது, கழுதை இல்லை.

"ஐயோ, சொத்து களவு போயிருச்சே! டாணாவுக்குள்ளயே களவு!"

கான்ஸ்டபிள்கள் இருவரும் தெருத் தெருவாக ஓடினார்கள். பிச்சைக்கனி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். சவரிமுத்து ஒவ்வொரு வீடாக நுழைந்து அரிசிப்பானைக்குள்கூடக் கைவிட்டுத் துழாவினான். கழுதையை விடச்சொல்லிக் கெஞ்ச வந்த மாடத்தி இந்தக் கூத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னத்தய்யா தேடுதீக?"

"உங் கழுதையத்தான்."

"அந்தா கொட்டடிக்குள்ள நிக்குதே!"

"அது கைதிம்மா" என்றார் ஏட்டு பொறுமையாக. "நாங்க தேடுதது சொத்து."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா!"

"எப்படி ஒண்ணாகும்? இது கறுப்பு அட்ட, அது செவப்பு அட்ட."

கைதியைச் சிவப்பு அட்டைக்கு மாற்றினால் என்ன என்று பிச்சைக்கனி கேட்டான். கறுப்பில் எழுதியதை அடிக்க வேண்டிவரும். சொத்தை அடித்துவிட்டால் என்ன என்று சவரிமுத்து கேட்டான். அடிக்கவே கூடாதென்று துரை கோடு போட்டிருக்கிறார். சாயங்காலம்வரை பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஏட்டு அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. கையிலிருந்த பட்டையைத் தடவினார். இருபத்திரண்டு வருஷம் ஒரு பொய்க் கணக்கு எழுதாத மனுஷன், தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

மாடத்திக்கு ஒருபக்கம் எரிச்சல், ஒருபக்கம் பாவமாகவும் இருந்தது.

"அழாதீக ஏட்டையா. தொரை ஒரே நேரத்துல கொட்டடியிலயும் கொல்லையிலயுமா நிக்கப் போறாரு? கொட்டடியப் பாத்து முடிச்சதும் அவருக்கு ஒரு எளநி குடுங்க. அவரு குடிக்கதுக்குள்ள நான் கழுதையக் கொல்லைக்குக் கொண்டுபோயிருதேன்."

ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோசித்தார். கைதி கொட்டடியில் இருக்கும்போது கைதி இருக்கிறது. சொத்து கொல்லையில் இருக்கும்போது சொத்து இருக்கிறது. இதில் பொய் எங்கே இருக்கிறது? எவ்வளவு தேடியும் அவருக்கு அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் துரை வந்தார். முகம் தக்காளிப்பழமாகச் சிவந்திருந்தது. இந்த நாட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். தமிழ் நன்றாகவே பேசுவார். கறுப்பு அட்டையைப் பார்த்தார். கொட்டடியைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்ன?"

"கைதி, துரை. நோட்டீசு சேதம். குற்றத்த ஒத்துக்கிட்டாரு."

முப்பது வருஷத்தில் துரை ஒன்று கற்றிருந்தார். வெயில் நேரத்தில் இரண்டாவது கேள்வி கேட்கக்கூடாது. இளநீரை வாங்கிக் குடித்தார். பிறகு சிவப்பு அட்டையோடு கொல்லைக்கு நடந்தார். முளையில் கழுதை நின்றது.

"இது?"

"சொத்து, துரை."

துரை கழுதையைப் பார்த்தார். கழுதை துரையைப் பார்த்தது. இருவருக்கும் முன்பே பார்த்த முகமாகத் தோன்றியிருக்க வேண்டும். 

"எல்லாம் சரி" என்று துரை இரண்டு ரிஜிஸ்தரிலும் கையெழுத்துப் போட்டார். "நோட்டீசு ஒட்டியது போதும். சொத்தை உடனே சொந்தக்காரரிடம் கொடு. கைதியை இன்றைக்கே தாலுகாக் கோர்ட்டுக்கு அனுப்பு." அடுத்த ஊருக்கு வழிகாட்டப் பிச்சைக்கனியைக் கூட்டிக்கொண்டு குதிரை ஏறிவிட்டார்.

மாடத்தி சிவப்பு அட்டையில் கைநாட்டு வைத்தாள். கழுதையைப் பிடித்தாள். திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

ஏட்டு சந்தோஷமாகக் கைதியை அழைத்துவரக் கொட்டடிக்குப் போனார். கொட்டடி காலியாக இருந்தது.

"கைதி தப்பிச்சிருச்சு!" என்று அவர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பட்டை தப்பி இன்னும் கால் நாழிகைகூட ஆகவில்லை.

ரைட்டர் விதிப்புத்தகத்தை எடுத்தார். கைதி தப்பினால், காவலிருந்தவரைக் கைதியின் இடத்தில் நிறுத்த வேண்டியது என்று அதில் கண்டிருந்தது. அன்றைக்குக் கொட்டடியில் காவலிருந்தவன் சவரிமுத்து. தொப்பியைச் சரிசெய்துகொண்டு தானே கொட்டடிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஏட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு கான்ஸ்டபிள் எந்த டாணாவுக்குக் கிடைப்பான்!

"சரி, கோர்ட்டுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?" என்றார் ரைட்டர். "பிச்சைக்கனி தொரையோட போயிட்டான். ஏட்டு டாணாவ விட்டு நகரப்படாது. எனக்கு ரிஜிஸ்தர் இருக்கு."

"இன்னைக்கு யாரு முறை?"

ரைட்டர் பார்த்தார். "சவரிமுத்து."

"நான் கூட்டிட்டுப் போறேன் ஏட்டையா" என்று கொட்டடிக்குள்ளிருந்து சவரிமுத்து குரல் கொடுத்தான். "கைதி சாதுவான ஆளுதான்."

அவனுக்கு விலங்கு மாட்டி, சாவியை அவனிடமே கொடுத்தார்கள். கைதி முன்னால் நடக்க வேண்டும், கான்ஸ்டபிள் மூன்று எட்டு பின்னால் நடக்க வேண்டும் என்ற விதியை ஏட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். 'கைதி புறப்பட்டாயிற்று' என்று கறுப்பு அட்டையில் எழுதியாயிற்று. கணக்கு ஒத்துப்போனது. ஏட்டின் பட்டை பிழைத்தது. அவர் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து, சவரிமுத்து போகிற அழகைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மாடத்தி ஆற்றிலிருந்து திரும்பிவந்தாள். கழுதையின் முதுகில் வெளுத்த துணி. டாணா வாசலில் சவரிமுத்து மூன்று எட்டு முன்னால் போனான். நின்றான். மூன்று எட்டு பின்னால் வந்தான். நின்றான். மறுபடி மூன்று எட்டு முன்னால் போனான். அந்த இடத்து மண்ணெல்லாம் குழிந்துபோயிருந்தது.

"என்ன செய்யுதீரு போலீசய்யா?"

"கோர்ட்டுக்குப் போயிட்டிருக்கோம்."

"மத்தியானத்துல இருந்தா?"

சவரிமுத்து விலங்கு போட்ட கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"கைதியக் குத்தம் சொல்லப்படாது மாடத்தி, அவன் முன்னால ஒழுங்காத்தான் நடக்கான். இந்தக் கான்ஸ்டபிள் பயதான் பின்தங்கிப் பின்தங்கிப் போறான்."