சாம்பி வாயை மூடினாள்

ஒரு காட்டில் மான்கள் தண்ணீர் குடிக்கும்போது தலையை நிமிர்த்துவதே இல்லை. அவற்றுக்காகப் பார்க்கும் கண்கள் குளக்கரை மருதமரத்தில் இருந்தன. இளங்காவலர்கள் அங்கே முறைவைத்துக் காவல் காத்தார்கள். மரத்தில் ஒரு மந்தி, தரையில் ஒரு கீரி. மந்தி கத்தினால் புலி வருகிறது என்று பொருள். மான்கள் ஏன் என்று கேட்காமல் ஓடிவிடும்.

அன்று சாம்பி என்ற மந்தியின் முறை. காவல் படையிலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கீழே கூரன் என்ற கீரி. அவன் அதிகம் பேசமாட்டான். நாக்கைப் பாம்பு கொண்டுபோய்விட்டதா என்று காலையிலிருந்து சாம்பி அவனைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

கோடையில் குளம் வற்றிக் கரையெல்லாம் சேறு. கோரைப்புல்லுக்கு ஆசைப்பட்டு ஒரு மான்குட்டி அதில் இறங்கியது. முழங்கால்வரை புதைந்தது. சாம்பி பார்த்தாள், பதறிக் கத்தினாள்.

மான்கூட்டம் முழுவதும் ஓடியது. குட்டி பின்னால் வருகிறது என்று நினைத்துத் தாய்மானும் ஓடியது. குட்டியும் ஓடப் பார்த்தது. வயிறுவரை இறங்கிவிட்டது.

சாம்பி இன்னும் உரக்கக் கத்தினாள். குட்டி இன்னும் உதறியது. சேறு மார்பைத் தொட்டது.

கூரன் மரத்தில் பாதிவரை ஏறி வந்தான். "சாம்பி, வாயை மூடு."

"கத்தாமல் எப்படிடா காப்பாற்றுவது?"

"நீ கத்தினால் ஓட வேண்டும் என்றுதான் அதற்குத் தெரியும். ஓடப் பார்க்கிறது, புதைகிறது."

சாம்பி அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அடுத்த கத்தல் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. வாலை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். காடு அமைதியானது. குட்டி உதறுவதை நிறுத்தியது. சேறும் அதற்குமேல் ஏறவில்லை.

பயமில்லாத நாட்களில் மந்திகள் என்ன செய்யும்? மேலே உட்கார்ந்து தழை தின்னும், பாதியைக் கீழே சிந்தும். அந்தச் சலசலப்புக் கேட்டால் மான்கள் தின்ன வரும். சாம்பி தழைக் கிளைகளை ஒடித்துப் போட்டாள். கூரன் அவற்றைச் சேற்றின்மேல் இழுத்துப்போய்க் குட்டியின் முன்னால் பரப்பினான். மெதுவாக, ஒரு காலை மட்டும் எடு என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

சலசலப்புக் கேட்டுத் தாய்மான் திரும்பி வந்தபோது குட்டியின் இரண்டு முன்னங்கால்களும் கிளைமேல் இருந்தன. தாய் கரையில் நின்று கூப்பிட்டது. குட்டி தாயையே பார்த்தபடி, எம்பி எம்பி, கிளை கிளையாகக் கரை சேர்ந்தது.

குட்டியை நக்கித் துடைத்த பிறகு தாய்மான் மேலே பார்த்தது. புலி எங்கே என்று கேட்டது.

"புலி இல்லை," என்றாள் சாம்பி. "பயத்தில் கத்திவிட்டேன்."

தாய்மான் குட்டியை முன்னால் விட்டு நடந்தது.

சாம்பி கீழே இறங்கி வந்தாள். "உனக்குப் பயமே இல்லையாடா?"

"இருந்தது," என்ற கூரன் சேறு படிந்த முன்னங்காலை நீட்டிக் காட்டினான். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

நீதி: ஆபத்தில் பதறிக் கத்துவது எளிது, பயத்தை அடக்கி ஆகவேண்டியதைப் பார்ப்பவரே உதவ முடியும்.