ஒரு மூட்டை மண்

"அந்த ஆளோட ஒரே மலையில இனி இருக்க முடியாதும்மா."

நல்லசிவம் வந்து நின்று இதைச் சொன்னபோது, மாதி தேயிலைச் செடிகளின் தூரில் சருகு பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நல்லசிவம் திருப்பூரில் சாயப்பட்டறை மேஸ்திரியாக இருந்தவர். நரை விழுந்த பிறகு கோத்தகிரி மலையேறி வந்து, பூச்சிமருந்தே அடிக்காமல் தேயிலை வளர்த்துவந்த, தன் மகள் வயதுள்ள மாதியின் முன் கைகூப்பி நின்றார். "ஆத்தைக் கெடுத்த தொழில்ல காலம் போச்சு. மண்ணுக்குக் கெடுதல் இல்லாம வாழக் கத்துக் கொடுங்க" என்றார். அவள் ஒரு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள்தான் அவருக்குக் குரு.

அவர் சொன்ன ஆள் போஜன். இவர்கள் தோட்டத்துக்கு மேலே, மேல்தட்டு நிலத்துக்காரர். பூச்சி கண்டால் உடனே மருந்து அடிப்பார். காற்று இறங்கினால் மருந்தும் கீழே இறங்கும்.

"எல்லையோரக் கொழுந்தை நம்ம கொழுந்தோட சேர்க்க முடியல. பறிச்சுப் பறிச்சுக் குழியில போடறேன். போலீஸ்ல சொல்லட்டுமா? வேலியை உசத்தட்டுமா?"

"பேசிப் பார்த்தீங்களாண்ணா?"

"அவர் முகத்துலயே நான் முழிக்கிறதில்ல."

மாதி கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் குனிந்து சருகு பரப்பினார்.

நல்லசிவத்துக்கு அந்தத் தோட்டத்தில் உயிராக இருந்தது நாற்றுமேடை. ஊற்றுத் தண்ணீர் விழும் தொட்டியை ஒட்டி, எல்லைக்குக் கீழேயே இருந்தது. விதை பொறுக்கி, முளைகட்டி, பிள்ளையைப் போல அவர் வளர்த்த நாற்றுகள். வெளிச்செருப்போடு அங்கே யாரையும் விடமாட்டார். சோப்புப் போட்ட கையைத் தொட்டியில் நனைக்க விடமாட்டார். விஷம் என்றால் என்னவென்றே தெரியாத செடிகள் என்று, வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

ஒரு நாள் காலை, நாற்றுகளுக்கு நிழல் கட்டிக்கொண்டிருந்தபோது மேலே மருந்து நெடி அடித்தது. வசைபாட வாயெடுத்து நிமிர்ந்தார்.

போஜன் தள்ளாடிக்கொண்டிருந்தார். முதுகில் இருந்த மருந்து டேங்க் மூடி கழன்று, சட்டையெல்லாம் நனைந்திருந்தது. இரண்டடி எடுத்து வைத்தார். வரப்பிலிருந்து உருண்டு கீழே வந்து விழுந்தார். வாயில் நுரை.

நல்லசிவம் நின்றார்.

தொட்டால் கையில் ஒட்டுமே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

மாதி எங்கிருந்தோ ஓடி வந்தாள். டேங்கைக் கழற்றி எறிந்தாள். சட்டையைக் கிழித்தாள். போஜனின் கைகளைப் பற்றித் தொட்டியை நோக்கி இழுத்து, நாற்றுமேடையின் மேலேயே கிடத்தினாள்.

"அம்மா, நாத்து!"

"தண்ணி ஊத்துங்க."

"அம்மா..."

"ஊத்துங்கண்ணா!"

ஊற்றினார். குடம் குடமாக ஊற்றினார். அவள் சோப்பைத் தேய்க்கத் தேய்க்க, போஜனின் உடம்பிலிருந்து வெள்ளையாக வழிந்தது. நாற்றுகளுக்கு நடுவே ஓடியது. மண் அதைக் குடித்தது. நல்லசிவம் பார்த்துக்கொண்டே ஊற்றினார்.

ஜீப் வந்தது. போஜனைத் தூக்கிக் கிடத்தி, அவர் மனைவியும் மாதியும் ஆஸ்பத்திரிக்கு ஏறிக்கொண்டார்கள்.

நாற்றுமேடையில் ஓர் ஆள் படுத்த தடம் மட்டும் இருந்தது.

போஜன் பிழைத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. நல்லசிவம் "சரி" என்றார். அதற்குள் நாற்றுகளின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. அவரே எல்லாவற்றையும் பிடுங்கினார். பிறகு மண்வெட்டி எடுத்து, நனைந்த மண்ணை வெட்டி மூட்டைகளாகக் கட்டினார். குழி முழங்கால் ஆழத்துக்குப் போயிற்று.

"இந்த மண்ணு இனி நம்ம தோட்டத்துல இருக்கக் கூடாதும்மா. எங்க கொட்டட்டும்?"

மாதி குழியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"யாருக்கும் சம்பந்தமில்லாத இடமாப் பார்த்துக் கொட்டுங்கண்ணா."

நல்லசிவம் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஓடைக்குப் போனார். சற்றுத் தள்ளிக் கீழே, ஹட்டிக் கிராமத்துப் பெண்கள் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். திரும்பினார்.

சோலைக்குள் போனார். காட்டெருமை ஒன்று கன்றோடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. கன்று தலைதூக்கி அவரைப் பார்த்தது. மூட்டையை இறக்காமலே பின்வாங்கினார்.

சாலையோரப் பள்ளம் தோதாகத் தெரிந்தது. எட்டிப் பார்த்தார். அடியில் யாரோ பாத்தி கட்டி பீன்ஸ் கொடி ஏற்றியிருந்தார்கள்.

தோள் கடுத்தது. கோபம் வந்தது. யாருடைய விஷம் இது? யாருடையதோ அவரிடமே போகட்டும் என்று நினைத்தார். மேல்தட்டுக்கு ஏறினார்.

போஜன் வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். பாதியாகிப் போயிருந்தார். எழ முயன்றார், முடியவில்லை.

"வாங்கய்யா" என்றார். குரலே எழும்பவில்லை. "தண்ணி ஊத்தினது நீங்கதானாமே. மாதி சொன்னா."

நல்லசிவம் மூட்டையை மறு தோளுக்கு மாற்றினார்.

"உங்க நாத்தெல்லாம் போச்சாம். எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல..." போஜனின் கண்கள் மூட்டைக்குப் போயின. "அது என்னங்கய்யா, இவ்ளோ கனமாத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

நல்லசிவத்துக்கு, விழுந்தவரைப் பார்த்துக்கொண்டு தான் நின்ற நிற்பு ஞாபகத்துக்கு வந்தது.

"மண்ணு" என்றார்.

"இறக்கி வைங்க. கொஞ்சம் உட்காருங்க."

"இல்லண்ணே. இங்க இறக்கக் கூடாது." பிறகு கேட்டார்: "சாப்பிட முடியுதா?"

"கஞ்சி இறங்குது."

"அடுத்து வர்றப்போ சுரைக்காய் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு நல்லசிவம் இறங்கினார்.

வெயில் தாழ்ந்திருந்தது. மாதி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கெட்ட மண்ணைத் தேற்ற விதைக்கும் சணப்பை விதையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இடம் கிடைச்சுதாண்ணா?"

"கிடைச்சுதும்மா" என்றார் நல்லசிவம்.

மூட்டையை அவிழ்த்துக் குழிக்குள்ளேயே கொட்டினார். அடுத்த மூட்டையை எடுக்கப் போனார்.